சருகு குவியும் மூலை

2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தது. அப்போது வானிலிருந்து எடுத்த படம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தெரு முழுக்கச் சாம்பல், நடுவே சிவப்புக் கூரையோடு ஒரு வீடு மட்டும் அப்படியே நிற்கிறது. "இது கடவுள் செயலா, இல்லை படமே போலியா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

படம் உண்மைதான். தீக்குக் கொஞ்சம் முன்பு அந்த வீட்டுக்காரர்கள் பழைய கூரையை எடுத்துவிட்டு உலோகத் தகடு போட்டிருந்தார்கள். சுவரை ஒட்டியிருந்த செடிகளைப் பிடுங்கிவிட்டு கூழாங்கல் பரப்பியிருந்தார்கள், அதுவும் கரையானுக்குப் பயந்து! அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் 'அதிசயம்' என்று கும்பிட்டுவிட்டால், பக்கத்து வீடுகள் ஏன் எரிந்தன என்ற கேள்வியே எழாமல் போய்விடும். எனக்கு எரிச்சல் அதில்தான்.

காட்டுத்தீ என்றதும் நெருப்புச் சுவர் ஒன்று ஊரை விழுங்க வருவதாகத்தான் நினைக்கிறோம். 1990களின் கடைசியில் கனடாவின் வடக்கே காட்டை வேண்டுமென்றே கொளுத்தி, அதன் ஓரத்தில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டரில் வைத்தவற்றில் சில பற்றின. 20, 30 மீட்டரில் வைத்தவை பற்றவில்லை. மர உச்சிகளில் தாவும் தீ ஓரிடத்தில் முழு வீச்சில் எரிவது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். தள்ளி நிற்கும் மரப்பலகை பற்றிக்கொள்ள அந்த நேரம் போதாது.

அப்படியானால் வீடுகளைக் கொளுத்துவது எது? பெரும்பாலும் கங்குதான்.

எரியும் காட்டின் மேல் சூடான காற்று தூணாக எழும். பட்டை, சுள்ளி, காய் என்று கிடைத்ததையெல்லாம் கவ்விக்கொண்டு போகும். மெல்லியது சுலபமாக ஏறும், ஆனால் வழியிலேயே நீறாகிவிடும். தடித்தது நெடுநேரம் கனலும், ஆனால் ஏறாது. ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருப்பது. அதன் சுவாலை அணைந்தாலும் காற்று ஊதுகுழல் மாதிரி ஆக்சிஜனை ஊட்டி அதைச் சிவக்க வைத்துக்கொண்டே போகும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் பறப்பது சர்வசாதாரணம். ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் பட்டை 30 கிலோமீட்டர் வரைகூடப் போய்த் தீ வைத்திருக்கிறது.

தனியாக விழும் கங்கு பெரும்பாலும் செத்துப்போகும். கரி அடுப்பிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து வெளியே வைத்தால் கறுத்துவிடும் அல்லவா? கூட்டமாக இருந்தால்தான் ஒன்றின் சூடு இன்னொன்றைக் காப்பாற்றும். அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுப்பது காற்றேதான். சுவரின் உள்மூலையிலும் படிக்கட்டின் அடியிலும் காற்று வேகம் இழந்து சுழலும், சுமந்து வந்ததை அங்கே போட்டுவிட்டுப் போகும். வாசல் பெருக்குகிறவர்களைக் கேளுங்கள், எந்த மூலையில் சருகு சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தீ வரும் நாளில் கங்கும் அதே மூலைக்குத்தான் வரும். அங்கே சருகு ஏற்கெனவே காத்திருக்கும்.

அதனால்தான் சுவரிலிருந்து முதல் ஐந்தடிக்குள் எரியக்கூடியது எதுவும் கூடாது என்கிறார்கள். கூரை மடிப்பிலும் கூரையோரத்தில் மழைத்தண்ணீர் வடியும் தகரத்திலும் சருகு தங்கக் கூடாது. பரணுக்குக் காற்று போகும் துளைகளில் 3 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை வேண்டும். அமெரிக்காவில் தென் கரோலினாவில் 105 மின்விசிறிகள் வைத்த கூடம் ஒன்றில் முழு வீட்டையே கட்டி அதன் மேல் கங்கு மழை பொழிந்து பார்க்கிறார்கள். செலவு காப்பீட்டு நிறுவனங்களுடையது. விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டினால் படம் பிடிக்கலாம், கம்பிவலையை யார் படம் பிடிப்பார்கள்? இந்த மாதிரி ஆய்வுக்கு அரசுப் பணம் தாராளமாகப் போக வேண்டும் என்பது என் கட்சி.

எச்சரிக்கை மணி, ஊரைவிட்டு வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட வழி, இவை எல்லாரும் அறிந்தவை. ஆனால் ஊர் என்று வந்துவிட்டால் ஒரு வீடு மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. காடு ஒரு நிமிடம் எரியும்; வீடு பற்றினால் மணிக்கணக்கில் எரியும், நெருங்கி நிற்கும் அடுத்த வீட்டை வறுத்தெடுக்கும். எரிந்த வீடுகளில் குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணாக ஓட, தெருக்குழாயில் அழுத்தம் விழுந்துவிடும். லஹைனாவிலும் அதுதான் நடந்தது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான மரவேலி இன்னொரு சங்கதி. ஒரு முனையில் பற்றினால் விளக்குத் திரி மாதிரி தீயைச் சுவர்வரை கொண்டுவந்து சேர்க்கும். வேலி முழுவதையும் பிடுங்க வேண்டியதில்லை. சுவரைத் தொடும் கடைசி ஐந்தடியை மட்டும் இரும்பாக மாற்றினால் திரி அங்கேயே அறுந்துவிடும்.