மாதா மாதம் வரும் காய்ச்சல்: ஒரு நோட்டு போடுங்கள்

சென்னையில் மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு என்றுதான் மனம் போகும். போகவும் வேண்டும். ஆனால் சொல்லிவைத்தாற்போல நான்கு வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் இறங்கி, இடையில் பிள்ளை ஓடியாடி விளையாடினால், மறுபடியும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் முன் யோசியுங்கள். மருந்தில்தான் இறங்கியது என்று தோன்றும். மருந்தே இல்லாவிட்டாலும் அன்றைக்கு இறங்கியிருக்கும்.

இது தன்னழற்சி நோயாக இருக்கலாம். கிருமி இல்லாமலே பிறவி நோயெதிர்ப்பு அணுக்கள் கிளர்ந்து, இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரப்பதுதான் தன்னழற்சி நோய். உடலையே தாக்கும் லூபஸ் நோய் போல ஆன்டிபாடியால் வருவதல்ல, அந்த ஆன்டிபாடியைத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மணி, தெர்மாமீட்டர் அளவு, வாய்ப்புண், கழுத்தில் நெறி, வயிற்றுவலி, மூட்டு வீக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். தோல் தடிப்பைப் படம் எடுங்கள், டாக்டரிடம் போவதற்குள் மறைந்துவிடும். தெருமுனை கிளினிக்கானாலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையானாலும் அதே நோட்டைக் காட்டுங்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையைக் காய்ச்சலின்போது ஒருமுறை, நன்றாக இருக்கும்போது ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நன்றாக இருக்கும்போதும் சி.ஆர்.பி. இறங்கவில்லை என்றால் அழற்சி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐந்து வயதுக்குள் தொடங்கி, 3 முதல் 6 நாள் நீடித்து, வாய்ப்புண்ணும் தொண்டை வலியும் நெறியும் சேர்ந்து வந்தால் அநேகமாக பீஃபாபா (PFAPA) என்ற தன்னழற்சி நோய். வளர வளர இது பெரும்பாலும் விட்டுவிடும். ஒரே ஒரு வேளை பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்திலேயே காய்ச்சல் அடங்கும். அதற்காக நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தப் புற்றுநோய் இருந்தால் அதை மறைத்துவிடும்.

ஒன்றிலிருந்து மூன்று நாள் காய்ச்சலோடு வயிறு இறுகி வலித்தால் அப்பெண்டிக்ஸ் என்று அறுவைசிகிச்சை வரை போய்விடும். மத்தியதரைக்கடல் பகுதி மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் பரம்பரைக் காய்ச்சல் இப்படித்தான் இருக்கும். அதற்கான எம்.இ.எஃப்.வி. மரபணு 1997-இல் அடையாளம் காணப்பட்டது. இதற்கான மருந்தான கோல்ச்சிசினை வலி வரும்போது மட்டுமல்ல, தினமும் சாப்பிட வேண்டும். விட்டால் சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற புரதம் படியும், அதனால் சிறுநீரில் புரதம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோல்ச்சிசின் சாப்பிடுபவருக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

பெரியவர்களான பிறகு வருவதும் உண்டு. 50 வயது தாண்டிய ஆணுக்குக் காய்ச்சல், காது மடல் சிவந்து வீங்குதல், பெரிய சிவப்பணுக்களுடன் ரத்தசோகை சேர்ந்தால் 2020-இல் கண்டறியப்பட்ட வெக்சாஸ் என்ற தன்னழற்சி நோயை நினையுங்கள்.

காய்ச்சலும் மூட்டு வலியும் தடிப்புமாக வரும் ஸ்டில் நோய் என்ற தன்னழற்சி நோயில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். காய்ச்சல் விடாமல் அடிக்கும்போதே பிளேட்லெட் சரிந்து, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு உயர்ந்திருந்து திடீரென்று இறங்கினால் அது குணமல்ல, அழற்சி கட்டுமீறிப் போவதன் அறிகுறி. பார்க்க டெங்கு மாதிரியே இருக்கும். அன்றே ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) அளவைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனையில் சேருங்கள்.