இரண்டாவது கோடு எப்படி விழுகிறது?

நாள் தள்ளிப்போவதற்கு முன்பே மெடிக்கலில் கர்ப்பச் சோதனை கிட் வாங்கி வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். முதல் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கோடு மட்டும் விழுந்தால் முகம் வாடிவிடும், மறுநாள் காலையிலேயே இன்னொரு கிட் பிரிக்கப்படும். இரண்டாவது கோடு தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் ஜன்னலோரம், டியூப்லைட்டுக்கு அடியில், செல்போன் வெளிச்சத்தில் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தக் கோட்டை விழவைப்பது சிறுநீரில் இருக்கும் ஒரே ஒரு ஹார்மோன். அது எப்போது சுரக்கத் தொடங்குகிறது, அட்டை அதை எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிந்தால், எந்த நாளில் சோதிப்பது, எந்தக் கோட்டை நம்புவது என்ற இரண்டு குழப்பமும் பெருமளவு தீர்ந்துவிடும்.

ஹார்மோனின் பெயர் எச்.சி.ஜி. கர்ப்பத்தில் இதைச் சுரப்பது தாயின் சுரப்பி அல்ல. கருவின் வெளிப்பக்கத்தில் இருக்கும், பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிற செல்கள்தான் சுரக்கின்றன. சினைப்பையிலிருந்து வெளிவந்த கருமுட்டை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் விந்தணுவோடு சேர வேண்டும். சேர்ந்த பிறகு கருக்குழாய் வழியே நகர்ந்து கருப்பைக்குள் வந்து ஒட்டத் தொடங்குவதற்கே ஆறு நாளாவது ஆகும். பெரும்பாலான கர்ப்பங்களில் முட்டை வெளிவந்த 8, 9, 10 ஆகிய நாள்களில் ஒன்றில்தான் கரு கருப்பைச் சுவரில் பதிகிறது. சிலருக்கு 12-ஆம் நாள்கூட ஆகும். பதிந்து, தாயின் ரத்தத்தோடு தொடர்பு வந்த பிறகே எச்.சி.ஜி. ரத்தத்தில் கலக்கும், அதிலிருந்து சிறுநீருக்கு வரும். அதற்கு முன்பு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிட்டாக இருந்தாலும் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

இந்த ஹார்மோனுக்கு ஒரு அவசர வேலை இருக்கிறது. முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில், கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திசு உருவாகி புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருக்கும். கருப்பையின் உள்சுவரைத் தாங்கி நிறுத்துவது அதுதான். ஆனால் அதன் ஆயுள் சுமார் இரண்டு வாரம். அது சுருங்கினால் புரோஜெஸ்டிரோன் இறங்கும், உள்சுவர் கழன்று மாதவிடாயாக வெளியேறும். பதிந்த கருவுக்கு அதற்குள் கிடைப்பது நான்கைந்து நாள்தான். அந்த அவகாசத்தில் எச்.சி.ஜி. போய்ச் சேர்ந்து கார்ப்பஸ் லூட்டியத்தைச் சுருங்கவிடாமல் வேலை வாங்குகிறது. நஞ்சுக்கொடி தானே புரோஜெஸ்டிரோன் சுரக்கும் அளவுக்கு வளரும் வரை, அதாவது 8 முதல் 10-ஆவது வாரம் வரை, இந்த ஏற்பாடு ஓடும்.

இதிலேயே இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது. மார்பு கனக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது, வயிறு உப்பலாக இருக்கிறது, இது அதுதானா என்று அந்த இரண்டு வாரமும் உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இவை பெரும்பாலும் புரோஜெஸ்டிரோனின் வேலை. கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் அந்த நாள்களில் அது உடம்பில் ஏறித்தான் இருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தின் உபாதையும் கர்ப்பத்தின் முதல் வார உபாதையும் ஒன்றுபோலவே இருப்பதற்குக் காரணம் இதுதான். மசக்கை வாந்தி இதில் சேராது. அது பெரும்பாலும் நாள் தள்ளிப்போன பிறகே தொடங்கும்.

இனி கணக்கு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கிட்களில் பல, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 25 மில்லி அலகு எச்.சி.ஜி. இருந்தால் கோடு காட்டும்படி செய்யப்பட்டவை. எடையில் சொன்னால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் இரண்டு மூன்று பங்கு. ஆரம்பத்தில் இந்த ஹார்மோன் ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். முட்டை வெளிவந்த 10-ஆம் நாளில் 5 அலகு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12-ஆம் நாள் 10, 14-ஆம் நாள் 20, 16-ஆம் நாள் 40. மாதவிடாய் வரவேண்டிய நாளில் கிட் எல்லைக்கோட்டில் நிற்கிறது, இரண்டு நாள் பொறுத்தால் தெளிவாகக் காட்டுகிறது. கரு பதிய இரண்டு நாள் தாமதமானால் கணக்கு முழுவதும் இரண்டு நாள் தள்ளிப்போகும். உண்மையான கர்ப்பத்திலும் முதல் நாள் ஒரு கோடு, மூன்று நாள் கழித்து இரண்டு கோடு என்று வருவது இதனால்தான்.

மேலும், நாள் தள்ளிப்போனது என்பதே சிலருக்கு உறுதியில்லாத கணக்கு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை ஏறத்தாழ 14-ஆம் நாள் வெளிவரும். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்து 40 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு அது 26-ஆம் நாளை ஒட்டி வரும். அவர் 30-ஆம் நாள் சோதித்து ஒற்றைக் கோட்டைப் பார்த்து அழுவதில் பொருளே இல்லை.

சரி, அட்டைக்குள் என்ன நடக்கிறது? பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு நீளமான பட்டை. ஒரு முனையில் சிறுநீர் சொட்டும் பஞ்சு போன்ற பகுதி. அதை அடுத்து, காய்ந்த நிலையில் ஆன்டிபாடிகள் தூவிய பகுதி. பிறகு நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு. கடைசியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் உறிஞ்சு காகிதம். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு மூலக்கூறை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம். இங்கே தூவியிருப்பவை எச்.சி.ஜி.யைப் பிடிக்கும் எலி ஆன்டிபாடிகள், அவை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களில் ஒட்டவைக்கப்பட்டவை. ஆம், நகைக்கடைத் தங்கமேதான். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொடியானால் தங்கம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்பாகத் தெரியும். கோடு இளஞ்சிவப்பாக விழுவது அதனால். நீலக் கோடு விழும் கிட்களில் தங்கத்துக்குப் பதில் சாயம் ஏற்றிய லேடெக்ஸ் மணிகள்.

சிறுநீர் நகர்ந்து வரும்போது தங்கம் ஏந்திய ஆன்டிபாடிகள் கரைந்து கூடவே கிளம்பும். வழியில் எச்.சி.ஜி. இருந்தால் அதை ஒரு பக்கத்தில் பிடித்துக்கொள்ளும். ‘டி’ என்று குறித்த இடத்தில் வேறொரு ஆன்டிபாடி சவ்வோடு அசையாமல் ஒட்டப்பட்டிருக்கும். அது அதே எச்.சி.ஜி.யை மறுபக்கத்தில் பிடித்து நிறுத்தும். இப்படி நடுவில் ஹார்மோன், ஒருபுறம் சவ்வு, மறுபுறம் தங்கம் என்று லட்சக்கணக்கில் ஒரே இடத்தில் சேரும்போது கோடு தெரிகிறது. எச்.சி.ஜி. இல்லையென்றால் தங்கம் நிற்காமல் தாண்டிப் போய்விடும்.

தாண்டிப் போகும் தங்கம் அடுத்து ‘சி’ என்ற இடத்துக்கு வரும். பல கிட்களில் அங்கே இருப்பது ஆட்டின் உடலில் உருவாக்கப்பட்ட, எலி ஆன்டிபாடியையே பிடிக்கும் ஆன்டிபாடி. ஹார்மோன் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. சிறுநீர் கடைசி வரை ஓடியது, தங்கம் கரைந்து வந்தது என்பதற்கு மட்டுமே ‘சி’ சாட்சி. எனவே ‘சி’ விழாமல் ‘டி’ மட்டும் விழுந்தாலும் அந்தச் சோதனை செல்லாது.

இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டிய கட்டாயத்துக்கு ஒரு காரணம் உண்டு. எச்.சி.ஜி. இரண்டு சங்கிலிகளால் ஆனது. அதில் ஆல்ஃபா சங்கிலி, சினைப்பையைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஆகியவற்றில் இருக்கும் அதே சங்கிலி. அதை மட்டும் பிடித்தால், முட்டை வெளிவரும் சமயத்தில் எல்.எச். ஏறும்போதெல்லாம் கர்ப்பம் என்று அட்டை பொய் சொல்லும். பீட்டா சங்கிலிதான் எச்.சி.ஜி.க்கு உரிய அடையாளம். அதைத் தனியாக அளக்கும் முறையை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜூடித் வைடுகைடிஸ் குழுவினர் 1972-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு நிலைமை வேறு. 1927-இல் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் இருவரும் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டு, சில நாள் கழித்து அதை அறுத்து சினைப்பையைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள்.

செய்யும் முறையில் பிழை வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது, இரவு முழுக்கத் தேங்கியதில் ஹார்மோன் செறிவாக இருக்கும். ‘எங்கே வராமல் போய்விடுமோ’ என்று இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுச் சோதித்தால், இருக்கும் கொஞ்சமும் நீர்த்துப்போகும். அலுமினிய உறையைக் கடைசி நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும், ஈரக்காற்று பட்டால் பட்டை கெடும். உள்ளே ஒரு சிறு பொட்டலத்தில் சிலிக்கா ஜெல் போட்டிருப்பது அதற்காகத்தான். அட்டையைச் சமதளத்தில் வைத்து, ட்ராப்பரால் பெரும்பாலும் 3 சொட்டு (உறையில் போட்டிருக்கும் எண்ணிக்கையே கணக்கு). குறைவாக விட்டால் பாதியில் நிற்கும், கொட்டினால் பட்டைக்கு மேலே வெள்ளமாக ஓடி கோடு கலங்கும். 5 நிமிடத்தில் படிக்கலாம்.

10 நிமிடம் தாண்டிப் படிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. குப்பைக்கூடையிலிருந்து சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ‘டி’ இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கீற்று தெரியலாம். சவ்வு காயும்போது, ஆன்டிபாடி ஒட்டிய இடம் வேறுமாதிரி ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. நிறம் இல்லாத கீற்று கணக்கில் சேராது. குறித்த நேரத்துக்குள், இளஞ்சிவப்பு நிறத்தோடு, ‘சி’ கோட்டின் அகலத்துக்கு விழுந்தால் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது உண்மையான கோடுதான். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்த்தால் சந்தேகம் தீரும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: முட்டை வெளிவரப் போடும் ஊசிகளில் சில எச்.சி.ஜி.யேதான். 5,000 அல்லது 10,000 அலகு உடம்பில் போனால் பத்துப் பதினான்கு நாள் வரை அதுவே இரண்டு கோடு காட்டும்.

சமையலறைச் சோதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்பசையில் சிறுநீர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது, சர்க்கரை கட்டியாகிறதா என்று பார்ப்பது எதுவும் எச்.சி.ஜி.யைத் தொடுவதே இல்லை. பற்பசையில் இருக்கும் கால்சியம் கார்பனேட் அமிலம் பட்டால் நுரைக்கும். கணவரின் சிறுநீரிலும் நுரைக்கும்.

இரண்டு கோடு விழுந்தாயிற்று என்றால் அட்டை சொன்னது ஒன்றுதான்: எச்.சி.ஜி. இருக்கிறது. கரு எங்கே தங்கியது, நிலைக்குமா என்பதை அது சொல்லாது. மிகச் சீக்கிரம் சோதிப்பதில் இருக்கும் சங்கடமும் இங்கேதான். பதிந்த கருக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை, கர்ப்பம் என்று வெளியே தெரிவதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. பெரும்பாலும் குரோமோசோம் கோளாறு. மாடிப்படி ஏறியதோ எதையோ சாப்பிட்டதோ காரணம் அல்ல. கிட் இல்லாத காலத்தில் இது இரண்டு மூன்று நாள் தாமதமான மாதவிடாயாகவே கடந்துபோயிருக்கும்.

கருக்குழாயிலேயே தங்கிய கர்ப்பத்திலும் இரண்டு கோடு விழும். இரண்டு கோட்டுக்குப் பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டும். சந்தேகமான நிலையில் மருத்துவர் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. அளவை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார். இரட்டித்தே ஆக வேண்டும் என்று இல்லை. முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால், நல்ல கர்ப்பத்தில் குறைந்தது 49 சதவீதமாவது ஏறும் என்று எதிர்பார்ப்பார்கள்.

நேற்றுத்தான் கோடு விழுந்தது, மருத்துவர் ‘அஞ்சு வாரம்’ என்கிறாரே என்று திகைக்க வேண்டாம். கர்ப்ப வாரம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது, அதில் முதல் இரண்டு வாரம் கரு உருவாகவே இல்லை. இந்தக் கணக்கில் 6-ஆவது வாரம் முடிவதற்குள் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடிக்கொள்கிறது. அதாவது நாள் தள்ளிப்போன உடனே கோட்டைப் பார்த்தவருக்கும் இரண்டு வாரமே மிச்சம். கரு உருவாவதற்கு முன்பே அந்தக் குழாய் சரியாக மூட உதவும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தினமும் எடுக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று சொல்வது அதனால். தொடங்காதவர்கள் அன்றைக்கே தொடங்கலாம்.

ஸ்கேனுக்கு ஓடுவதில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். உள்வழி ஸ்கேனில் கருவைச் சுற்றியிருக்கும் பை 5-ஆவது வாரத்திலும், இதயத் துடிப்பு 6-ஆவது வாரத்தை ஒட்டியும் தெரியத் தொடங்கும். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதில் ஏறத்தாழ ஒரு வாரம் கூடும். வலியோ ரத்தப்போக்கோ இல்லாதவர்கள் 7-ஆவது வாரம் கடந்து போனால் ஒரே தடவையில் வேலை முடியும். முன்னாலேயே போய் ‘துடிப்பு இன்னும் வரலை’ என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் தூக்கம் தொலைப்பவர்கள் ஏராளம். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரைத் தொட்ட பிறகும் துடிப்பு இல்லை என்றால்தான் அது நின்றுபோன கர்ப்பம் என்று முடிவு செய்வார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதற்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பதிவுக்குப் போகும் இடத்திலேயே சிறுநீர்ச் சோதனையும் இலவசமாகச் செய்வார்கள்.

மீந்துபோன கிட்டை ஒன்பது பத்து வாரத்தில் ஆசைக்கு இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. கோடு முன்பைவிட மங்கலாக விழுந்தால் பதறிப்போவார்கள். அப்போது ரத்தத்தில் எச்.சி.ஜி. உச்சத்தில், ஒரு லட்சம் அலகை ஒட்டி இருக்கலாம். ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தால் சவ்வில் இருக்கும் ஆன்டிபாடிகளையும் தங்கத்தில் இருப்பவற்றையும் தனித்தனி ஹார்மோன் மூலக்கூறுகள் நிரப்பிவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஆள் இருக்காது, தங்கம் நிற்காமல் போய்விடும். அதே சிறுநீரில் ஒரு பங்கு எடுத்து பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சோதித்தால் கோடு மறுபடி பளிச்சென்று விழும்.