காற்றைக் கல்லாக்கும் மழை

மனத்தை உருக்கும் பாட்டைக் கேட்டால் ‘கல்லும் கரையும்’ என்போம். நடக்காத ஒன்று நடந்துவிடும் என்ற வியப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. நிலவியல் படித்தவர்கள் இதற்கு வியப்பதில்லை. கல் எந்நாளும் கரைந்துகொண்டேதான் இருக்கிறது, அதுவும் வெறும் மழைநீரில். அது மட்டும் கரையாமல் இருந்திருந்தால், இந்தக் கோளில் கடல் மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

வளிமண்டலம், நீர்க்கோளம், பாறைக்கோளம் என்று பள்ளியில் மூன்று தனித்தனி வட்டங்களாக வரைந்து காட்டுவார்கள். படத்தில் பிழையில்லை, ஆனால் அளவு ஏமாற்றும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அதன் மேல் கடலின் சராசரி ஆழம் நான்கு கிலோமீட்டரைக்கூடத் தொடாது. காற்றின் நிறையில் முக்கால் பங்கு, தரையிலிருந்து 11 கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். இவ்வளவு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தால், ஒன்றின் சரக்கு இன்னொன்றுக்குப் போகாமல் இருக்குமா?

போகிறது. அந்தப் போக்குவரத்தின் வண்டி, மழை.

விழும் துளி வழியிலேயே காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. பெயரிலேயே அமிலம் இருக்கிறது, கவனித்தீர்களா? நீரில் கரைந்ததும் அது உண்மையாகவே மெல்லிய அமிலமாகிவிடுகிறது. மாசு என்பதே இல்லாத இடத்தில் பெய்யும் மழையின் பிஎச் அளவும் (அது 7-க்குக் கீழே இருந்தால் அமிலம்) 5.6-ஐ ஒட்டித்தான் இருக்கும் (தொழிற்சாலைப் புகையால் வரும் ‘அமில மழை’ வேறு கதை). நாக்கில் விழுந்தால் நமக்குத் தெரியாது. கருங்கல்லுக்குத் தெரியும். கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் போன்ற சிலிக்கேட் கனிமங்களிலிருந்து கால்சியத்தை அந்த அமிலம் பிடுங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது களிமண். நாம் மிதித்து நடக்கும் களிமண் பெரும்பாலும் மழை தின்று துப்பிய சக்கைதான்.

கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போகிறது. கூடவே, காற்றில் வாயுவாகத் திரிந்த கார்பனும் பைகார்பனேட் என்ற கரைந்த வடிவில் போகிறது. கடலில் சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் எல்லாம் இவ்விரண்டையும் சேர்த்து ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை செத்தபின் ஓடுகள் அடியில் படிந்து, அழுந்தி, சுண்ணாம்புக்கல் ஆகின்றன. நேற்றுக் காற்றாக இருந்தது இன்று கல்.

இங்கே ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. அவசரத்தில் இதைத் தாண்டிவிட்டால் மொத்தக் கதையும் தப்பாகிவிடும். சிலிக்கேட் பாறையிலிருந்து ஒரு கால்சியம் அணு கரைந்து வர, காற்றிலிருந்து இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகள் செலவாகின்றன. கடலில் ஓடு உருவாகும்போது ஒரு கார்பன் ஓட்டுக்குள் போகிறது, இன்னொன்று வாயுவாகத் திரும்பிவிடுகிறது. இரண்டு எடுத்து, ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, ஒன்றைப் புதைத்தாயிற்று. கரைவது சுண்ணாம்புக்கல்லாக இருந்தாலோ, காற்றிலிருந்து ஒன்றுதான் எடுக்கப்படுகிறது, கடலில் ஓடு கட்டும்போது அந்த ஒன்றும் திரும்பி வந்துவிடுகிறது. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆகவே நெடுங்காலக் கணக்கில் காற்றை இளைக்கவைப்பது சிலிக்கேட் பாறைதான். இப்படிப் பாறையில் பூட்டப்பட்டிருக்கும் கார்பன், இன்று வளிமண்டலத்தில் இருப்பதைப்போலப் பல்லாயிரம் மடங்கு.

பூட்டு நிரந்தரமில்லை. கடலடித் தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து, கண்டங்களுக்கு அடியில் செருகிக்கொள்கின்றன. மேலே படிந்த சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி உள்ளே போய் வெந்து, கரியமில வாயுவாக எரிமலை வாய்வழி வெளியேறுகிறது.

எரிமலை போடுகிறது, மழை எடுக்கிறது. இரண்டும் எப்படிச் சமமாக நிற்கின்றன என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்த இடம். கரியமில வாயு கூடினால் பூமி சூடேறும். சூடேறினால் கடல்நீர் அதிகம் ஆவியாகி மழை கூடும், வேதிவினையும் விரைவுபடும். பாறை வேகமாகக் கரைந்து வாயுவை உறிஞ்சிவிடும், சூடு தணியும். குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ்: மழை குறையும், கல் கரைவது மந்தமாகும், எரிமலை கக்குவது காற்றில் சேர்ந்து மறுபடி வெப்பம் ஏறும். யாரும் காவல் இருக்கவில்லை, கருவி எதுவும் பொருத்தப்படவில்லை.

பாறைக்கும் காற்றுக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலை 1845-லேயே எழுதிவைத்தவர் பிரான்சின் வேதியியலாளர் எபெல்மென். செவ்ர் பீங்கான் தொழிற்கூடத்தை நிர்வகித்தவர். பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண் எப்படி உண்டாகிறது என்று தேடப் போய் வளிமண்டலத்தின் வரலாற்றில் கால்வைத்தார். 37 வயதில் இறந்துபோனார், ஆய்வையும் உலகம் மறந்தது. நூறாண்டுக்கும் மேலான பிறகு, 1952-ல் அமெரிக்க வேதியியலாளர் ஹரால்ட் யூரி அதே வேதிவினைகளை மறுபடி எழுதினார். வெப்பநிலையைச் சீராக்கும் பொறியாக இதை விளக்கியது 1981-ல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை.

அந்தக் கட்டுரைக்குப் பின்னால் ஒரு பழைய புதிர் இருந்தது. சூரியன் பிறந்த புதிதில் இன்றைய ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான் தந்தது. இன்றுள்ள காற்றை அன்றைய பூமிக்குப் போர்த்தினால் கடல் உறைந்து கிடந்திருக்க வேண்டும் என்று 1972-ல் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனும் அவருடைய சக ஆய்வாளர் ஜார்ஜ் முல்லனும் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைகளில் கிடைத்த 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளில், அப்போதே நீர் இருந்ததற்கான தடயத்தை ஆய்வாளர்கள் காண்கிறார்கள். மங்கிய சூரியனை ஈடுகட்டுமளவு கரியமில வாயு அன்று காற்றில் அடர்ந்திருந்தது, சூரியன் பிரகாசமாக ஆக ஆக மழை அதைக் கழித்துக்கொண்டே வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விடை. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இன்னொரு வாயுவான மீத்தேனுக்கும் பங்கு உண்டு என்பாரும் இருக்கிறார்கள்.

பொறி தடுமாறியதும் உண்டு. சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், பிறகு 64 கோடி ஆண்டுகளை ஒட்டியும், நிலநடுக்கோடுவரை பனி மூடியது. ஏன் மூடியது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. விலகிய விதம் ஓரளவு தெளிவு: பனிக்கு அடியில் கிடக்கும் கல்லை மழை தொட முடியாது, எரிமலையோ நிற்கவில்லை. வாயு லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் பனியை உருக்கிவிட்டது. பனிப்பாறை இழுத்துவந்த கற்குவியலுக்கு நேர் மேலே, இடைவெளியே இல்லாமல், சுண்ணாம்புப் படலம் தடியாகக் கிடப்பதை நமீபியாவில் இன்றும் பார்க்கலாம். சேர்ந்திருந்த வாயு கொட்டிய மழையில் கல்லாக இறங்கியதன் எச்சம் அது.

பக்கத்திலுள்ள வெள்ளிக் கோளில் இந்த வண்டி ஓடவில்லை. அங்கே நீர் இல்லை, ஆகவே மழையும் இல்லை. காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு, தரையில் 465 டிகிரி வெப்பம், நம்முடையதைப்போல 90 மடங்குக்கும் மேலான காற்றழுத்தம். நம் சுண்ணாம்புப் பாறைகள் அத்தனையிலும் உள்ள வாயுவை விடுவித்தால், கிட்டத்தட்ட வெள்ளியின் காற்றளவுக்கு வந்துவிடும் என்பது கணக்கு.

இப்படியொரு பொறி இருக்கும்போது புவி வெப்பமாதலுக்கு ஏன் கவலை என்று கேட்பவர்கள் உண்டு. வேகம்தான் சிக்கல். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை விடுகிறோம். உலகின் எரிமலைகள் அனைத்தும் சேர்ந்து விடுவது இதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். மழை அந்த ஒரு பங்குக்குப் பழகியது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கார்பன் காற்றில் கலந்து, பூமி 5 டிகிரிக்கு மேல் சூடானது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கல்லை அவசரப்படுத்த முடியுமா என்று ஐஸ்லாந்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் கரியமில வாயுவை நீரில் கரைத்து, எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறைக்குள் சில நூறு மீட்டர் ஆழத்தில் செலுத்தினார்கள். கல்லாக மாற நூற்றாண்டுகளாவது ஆகும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. 95 விழுக்காடு இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது என்று 2016-ல் முடிவு வெளியானது. செலுத்தியது இருநூற்றுச் சொச்சம் டன்தான். ஆனால் கண்காணிப்புக் கிணற்றில் இறக்கியிருந்த பம்பு நடுவில் பழுதானது. மேலே தூக்கிப் பார்த்தால், அதன் மேலெல்லாம் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் புத்தம்புதிதாகப் படிந்திருந்தது.