விளாதிமிர்: உலகை ஆள்பவனா, பேராளனா?

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் விளாதிமிர் என்ற ஸ்லாவியப் பெயருக்கு 'உலகை ஆள்பவன்' என்று பொருள் போட்டிருக்கும். சிலவற்றில் 'அமைதியை ஆள்பவன்'. இரண்டும் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை.

பெயரின் முன்னுறுப்பு 'விலத்', அதாவது ஆளுதல். 'கிழக்கை ஆள்' எனப் பொருள்படும் விளாதிவஸ்தோக் துறைமுகத்தின் பெயரிலும் இதுவே இருக்கிறது. சிக்கல் பின்னுறுப்பில்தான். பழைய ஏடுகளில் அது 'மேர்': பெரிய, புகழ்மிக்க. ஜெர்மானியப் பெயரான வால்டெமாரை அருகில் வைத்துப் பாருங்கள்; 'வால்ட்' ஆட்சி, 'மார்' புகழ். இரு பெயர்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

'மேர்' வழக்கொழிந்ததும், மக்கள் அதைத் தமக்குத் தெரிந்த 'மிர்' என்ற சொல்லாகக் கொண்டார்கள். ரஷ்ய மொழியில் மிர் என்றால் அமைதி, உலகம் இரண்டும்தான். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அவ்விரண்டையும் வெவ்வேறு இகர எழுத்துகளால் வேறுபடுத்தினார்கள். பெயரை எழுதியதோ உலகைக் குறிக்கும் மிர் போல. அதைப் படித்தவருக்கு 'உலகை ஆள்பவன்' என்றுதானே தோன்றும்!

உக்ரைனியர் சொல்லும் வொலொதிமிரும் இதே பெயர்தான். பல்கேரியம் போன்ற தெற்கு ஸ்லாவிய மொழிகளில் 'ல' என நிற்கும் இடத்தில், ரஷ்யமும் உக்ரைனியமும் அடங்கிய கிழக்கு ஸ்லாவியம் 'ஒலொ' என விரிக்கும். 'விளாதிமிர்' என்பது தேவாலய மொழி வழியாக ரஷ்யாவுக்கு வந்த தெற்கத்திய வடிவம். 988-இல் கிறித்தவம் தழுவிய கீவ் மன்னர் தம் நாட்டு வழக்கில் வொலொதிமேர். திருமுழுக்குப் பெயர் வசீலி. பின்னாளில் அவர் புனிதராக ஏற்கப்பட்டதால், கிரேக்கப் பெயர்கள் நிறைந்த தேவாலய நாட்காட்டியில் இந்த ஸ்லாவியப் பெயருக்கும் இடம் கிடைத்தது. உக்ரைன் அதிபரை விளாதிமிர் என்று எழுதுவது பிழை, அவர் வொலொதிமிர்.

தமிழில் 'விளாடிமிர்' என்று நாளிதழ்கள் எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்தது. ரஷ்ய ஒலி நாக்கு பல்லைத் தொட்டு எழுவது, அதனால் 'தி' சரி. அழுத்தமும் அந்தத் 'தி'யின் மேல்தான் விழும். செல்லப்பெயர்கள் வலோத்யா, வோவா. 'விளாத்' பெரும்பாலும் விளாதிஸ்லாவின் சுருக்கம். மரியாதையாக அழைக்கத் தந்தைப் பெயரும் சேர வேண்டும்: விளாதிமிர் இலியீச், இலியாவின் மகன் விளாதிமிர்.

தமிழ் நிகரன்? 'பேராளன்' வியக்கத்தக்க பொருத்தம். பேர் என்பதில் பெருமையும் உண்டு, புகழும் உண்டு. ஆளன் என்பதில் ஆள்பவன். ஆனால் 'பேராளர்' இன்று மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதியையும் குறிக்கிறது. குழப்பம் வேண்டாம் என்பவர்கள் புகழரசன் என வைக்கலாம். 'விலத்' என்பதைத் தமிழ் 'வல்'லோடு முடிச்சுப் போடுவது மட்டும் கூடாது. அந்த ஒலி ஒற்றுமை தற்செயல்.