அரிவாள்மனைக்குத் துப்பாக்கி நீலம் எதற்கு?

போன மாதம் ஓர் அக்கா பட்டறைக்கு அரிவாள்மனையோடு வந்தார். மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்ததாம். அலகு கன்னங்கரேலென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் செம்புச் சிவப்பு எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"மகன் ஆன்லைன்ல ஏதோ போத்தல் வாங்கித் தடவினான் தம்பி. துரு போயிடுச்சு. இனி காய் நறுக்கலாமா?"

"வேண்டாம்க்கா."

அந்தப் போத்தல் துப்பாக்கிக்காரர்களின் சரக்கு. துப்பாக்கி இரும்பைக் கருநீலமாக்குகிற பூச்சுக்குத்தான் துப்பாக்கி நீலம் என்று பெயர். சூடாக்காமல் வெறுமனே தடவுகிற வகை குளிர் நீலம். அமெரிக்காவில் தாத்தா காலத்து ஷாட்கன்னை எடுத்து வீட்டிலேயே மெருகேற்றுவார்கள். சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஆனால் வீடியோ எல்லோர் கைப்பேசிக்கும் வருகிறதே.

இந்தக் குளிர் நீலத்தில் பெரும்பாலும் செலினியச் சேர்மம், செம்பு உப்பு, அமிலம் மூன்றும் இருக்கும். தடவிய நொடியில் இரும்பு கறுக்கும். அது மேலே படிந்த மெல்லிய படலம்தான். புளியும் எலுமிச்சையும் பட்டால் கரையும், பிறகு சோற்றோடு உள்ளே போகும். நம் உடம்புக்கு நாளுக்குச் சுமார் 55 மைக்ரோகிராம் செலினியம் போதும். அதைவிடப் பல மடங்கு போனால் நஞ்சு.

துப்பாக்கி வேலை தெரிந்தவர்களே இதைக் கீறலை மறைக்கத்தான் தொடுவார்கள். முழுக் குழலுக்கு என்றால் சுடுநீலம்: காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டி, சுமார் 140 டிகிரி. அதில் கொஞ்சம் தண்ணீரைக் கவனமில்லாமல் ஊற்றினால் குழம்பு முகத்தில் வெடித்துத் தெறிக்கும். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் செய்கிற காரியமா அது? அலுமினியப் பாகத்தை உள்ளே விட்டால் கரைந்தே போகும். இரட்டைக் குழல் ஷாட்கன்னில் குழல்களை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். சுடுநீலம் அந்தப் பற்றையும் அரித்துவிடும்.

அதனால் இரட்டைக் குழலுக்குப் பழைய வழிதான்: துருவை வைத்தே துருவை அடக்குவது. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, மெல்லிய செந்துரு பூக்க விட்டு, வெறும் தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். சிவப்பு கறுப்பாகும். மேலே நிற்கும் தூளை மென்மையான கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, மறுபடி துரு, மறுபடி கொதி. ஏழெட்டுச் சுற்று போகும். தோட்டத்துப் பாராங் வெட்டுக்கத்திக்கு நானும் இப்படித்தான் செய்கிறேன். சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல் நிற்கிற ஊரில் துருவை வரவழைக்கப் பாடுபடவே வேண்டாம்! விரல்ரேகை ஒன்று பட்டால் போதும், அந்த இடம் மட்டும் திட்டாக நிற்கும். நான் முதலில் செய்த கத்தியில் என் கட்டைவிரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, அரிவாள்மனைக்கு வருவோம். கையுறை போட்டு, தூசு பறக்காமல் இருக்கத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். துருக்குழிகளுக்குள் ஒளிந்திருந்த கறுப்பு போக இரண்டு மணி நேரம் ஆனது. அப்புறம் பளிச்சென்ற இரும்பில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. நறுக்கியதும் கழுவித் துடைத்து இதையே தடவுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மீதிப் போத்தலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள் என்றும் சொல்லியிருந்தேன். மறுவாரம் அதே துணிப்பையில் கொண்டுவந்து வைத்தார். பாதிக்கு மேல் இருந்தது. எங்கள் ரசாயனக் கழிவோடு சேர்த்து அனுப்பிவிட்டோம்.