அதிகாரம்: குறளில் ஒன்று, வீட்டில் ஒன்று

பள்ளியில் திருக்குறள் மனப்பாடம் செய்த காலத்தில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. கடவுள் வாழ்த்து முதல் அதிகாரம், வான்சிறப்பு இரண்டாம் அதிகாரம் என்று வரிசையாகச் சொல்லித்தருவார்கள். வீட்டுக்கு வந்து தம்பியை ஏதாவது வேலை ஏவினால், "ரொம்ப அதிகாரம் பண்ணாதே" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். பத்துக் குறளுக்கும் தம்பியை விரட்டுவதற்கும் எப்படி ஒரே சொல்?

அதிகாரம் வடமொழிச் சொல். மேல் என்னும் பொருள் தரும் முன்னொட்டும், செய்தல் என்னும் வினையடியும் சேர்ந்து பிறந்தது. ஒன்றின் மேல் ஒருவரை அமர்த்துவது அடிப்படைக் கருத்து. பொறுப்பு, பதவி, உரிமை, ஆணை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பாணினியின் வடமொழி இலக்கண மரபில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓரிடத்தில் தலைப்பாகச் சொன்னது, பின்னால் வரும் சூத்திரங்களிலும் தொடர்ந்து செல்லுபடியாகும். அந்தத் தலைப்புக்கும் பெயர் அதிகாரம்தான்.

தமிழ் இலக்கண உரைகளில் இதற்கு அருமையான ஓர் உவமை இருக்கிறது. அரசன் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நாடு முழுவதையும் தன் ஆணைப்படி நடக்கச் செய்வதுபோல, ஒரு சொல் நின்ற இடத்தில் நின்றே பல நூற்பாக்களைத் தன் பொருளுக்குள் கொண்டுவருவது ஒரு வகை. படைத்தலைவன் நேரில் போய்க் காரியம் நடத்துவதுபோல, ஒரு சொல் அடுத்தடுத்த நூற்பாக்களோடு தானே சென்று சேர்ந்து பொருள் தருவது இன்னொரு வகை. என் குழப்பம் தீர்ந்தது இங்கேதான். 'வான்சிறப்பு' என்ற தலைப்பு, தனக்குக் கீழே உள்ள பத்துக் குறளையும் ஆள்கிறது.

தொல்காப்பியத்தில் இப்படி 3 அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் 9 இயல்கள். சிலப்பதிகாரம், சிலம்பைத் தலைப்பாகக் கொண்ட நூல். "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் உயிர்விடும் இடத்தைப் படிக்கும்போது, அங்கே உண்மையில் அதிகாரம் செலுத்துவது அந்தச் சிலம்புதானே என்று தோன்றும். இது சொல்லாராய்ச்சி இல்லை, என் ஆசை.

அக்கம்பக்கத்தில் இதே சொல் வேறு முகங்களோடு திரிகிறது. கண்டி அரசில் முதன்மை அமைச்சரின் பட்டமே மகா அதிகாரம். மலபாரில் அந்நாளைய கிராமத் தலைவர் அதிகாரி. இந்தியிலோ அதிகார் என்றால் உரிமை. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அங்கே வைத்த பெயரில் இருப்பது 'அதிகார்'. மேலே இருப்பவர் கையில் உள்ளதை நாம் அதிகாரம் என்கிறோம். கீழே இருப்பவர் கேட்டுப் பெறுவதற்கும் அங்கே அதே சொல்.

பேச்சுத் தமிழில் இன்னொரு நுட்பம் உண்டு. மாவட்ட ஆட்சியர் கோப்பில் கையெழுத்திட்டால் அவர் அதிகாரம் பண்ணுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்க்கும் தூரத்துச் சித்தப்பாவைத்தான் அப்படிச் சொல்வோம். தனக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறவர் மேல்தான் இந்தச் சொல் விழுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நூற்பிரிவு என்றால் இயல், படலம் இருக்கின்றன. அதிகாரியை அரசு ஏட்டில் அலுவலர் ஆக்கிவிட்டார்கள்: கிராம நிர்வாக அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர். அலுவல் என்றால் வேலை. எனக்குப் பிடித்த மாற்றம் இது, நடைமுறையில் எவ்வளவு ஒட்டியது என்பது வேறு விஷயம். பதவியே இல்லாதவருக்கு இருக்கும் பலத்தைச் செல்வாக்கு என்கிறோம். வாக்கு செல்கிறது, அவ்வளவுதான். அதில் பின்பாதி வடமொழி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரான தமிழ் 'ஆள்' என்ற வேரில் இருக்கிறது. ஆளுதல், ஆட்சி, ஆளுநர், ஆளுமை. சொல்லைப் பயன்படுத்துவதுகூடச் சொல்லாட்சி, பொருளைப் பயன்படுத்துவது கையாளுதல். ஆனால் ஆள் என்றால் வேலைக்காரரும்தான். "நாளைக்கு நடவுக்கு ரெண்டு ஆள் வேணும்" என்கிறோம். இறைவன் ஆட்கொள்கிறான், அடியார் ஆட்படுகிறார். ஆள்பவரையும் ஆளப்படுபவரையும் ஒரே குடும்பத்துச் சொற்கள் சுமக்கின்றன. 'மேல்' என்று தொடங்கும் அதிகாரத்தில் இந்த இருபக்கம் கிடையாது.

ஓரிடத்தில் மட்டும் அதிகாரத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பத்திர எழுத்தர்கள் எழுதும் பொது அதிகார ஆவணம், ஜனங்கள் வாயில் வெறும் 'பவர்'. நிலத்தின் உரிமை சொந்தக்காரரிடமே இருக்கிறது. அவர் பெயரால் செயல்படும் பொறுப்பு மட்டும் இன்னொருவர் மேல் ஏறுகிறது. ஆட்சி என்று எழுதினால் அனுபவ பாத்தியதை, அதாவது நிலத்தை அனுபவிக்கும் உரிமை, என்று படிப்பார்கள், உரிமை என்று எழுதினால் நிலமே போய்விடும்.