எழுதாத நேரத்தில் நடக்கும் எழுத்து

எழுதுகிறவர்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு ஒரு நிரந்தரப் புகார் உண்டு. என்ன பேசினாலும் 'ம்' என்று பதில் வரும். "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டால் முழிப்பார்கள். அலட்சியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மனம் உள்ளே திரும்பியிருக்கும்போது, வெளியிலிருந்து வரும் ஒலிக்கும் காட்சிக்கும் மூளை காட்டும் மின் எதிர்வினையே குறைந்துவிடுகிறது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி கருவியில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். காது திறந்துதான் இருந்தது. அதைக் கவனிக்க வேண்டிய ஆள்தான் ஏதோ ஒரு கதாபாத்திரம் கதவைத் திறக்குமா திறக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மனம் இப்படி அலைவது எழுத்தாளர்களுக்கு மட்டும் வாய்த்தது இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேருடைய கைபேசிக்கு நாளின் பல நேரங்களில் கேள்வி அனுப்பி, "இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, கேட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்போது அது எங்கே போகிறது? மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கிலின் குழு 2001-ல் ஒரு விடை சொன்னது. குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் ஓய்வெடுப்பதில்லை, மாறாகச் சுறுசுறுப்பாகின்றன. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியும், பின்பக்கத்தில் இன்னும் சில பகுதிகளும் சேர்ந்த இந்த வலையமைப்புதான் பழைய நினைவுகளைக் கிளறுகிறது, நாளை நடக்கப்போவதைக் கற்பனை செய்கிறது, அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிறது. கதை எழுத வேறென்ன வேண்டும்? எல்லா மனிதர்களின் தலையிலும் இருக்கும் கருவிதான் இது.

அப்படியென்றால் எழுதுகிறவரிடம் என்ன வேறுபாடு? அவர் தலையில் முடியாத வேலை ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான். பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடிந்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று 1927-ல் உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் எழுதினார். பிற்காலத்தில் பலர் அதே சோதனையைச் செய்தபோது அந்த நினைவு விளைவு சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அவருடைய சக ஆய்வாளரான மரியா ஓவ்சியான்கினா கவனித்தது இன்றும் உறுதியாக நிற்கிறது: பாதியில் விட்ட வேலைக்கு, யாரும் சொல்லாமலே மனிதர்கள் திரும்பிப் போகிறார்கள். ஒரு சிறுகதை வாரக்கணக்கில் பாதியில் கிடக்கும். நாவலானால் வருடக்கணக்கில். துணி மடிக்கும்போதும், வரிசையில் நிற்கும்போதும் மனம் போய் நிற்பது அங்கேதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. விடை கிடைக்காத கேள்வி மனத்தில் திறந்தே கிடந்தால், அதற்குத் தொடர்புள்ள எதுவும் சட்டென்று கண்ணில் படுகிறது. யாரோ கைபேசியில் பேசிப்போன ஒற்றை வரி, பேருந்தில் எதிர் இருக்கையில் இருப்பவர் கைப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும் விதம், எல்லாமே 'என் கதைக்கு ஆகும்' என்று ஒட்டிக்கொள்கின்றன. எழுத்தாளர்கள் கூர்மையாகக் கவனிப்பவர்கள் என்று சொல்வது பாதி உண்மைதான் என்று நினைக்கிறேன். தனக்குத் தேவையானதை மட்டும் கவனிப்பவர்கள் என்பதே சரி. எதிரே வந்த நண்பரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

குளிக்கும்போதும் நடக்கும்போதும்தான் நல்ல யோசனை வருகிறது என்பார்களே, அது எவ்வளவு தூரம் சரி? நடை பற்றி ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட, நடந்தபோது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அது பலித்தது. ஆகவே இயற்கைக் காட்சியைவிட நடைக்கே பங்கு அதிகம். ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் கணக்குகளில் நடை உதவவில்லை.

எழுத்தாளர்களையே நேரடியாகக் கேட்ட ஆய்வு எனக்கு இதைவிடச் சுவாரசியமானது. உளவியலாளர்கள் ஷெல்லி கேபிள், ஜொனாதன் ஸ்கூலர் குழு இயற்பியலாளர்களையும் தொழில்முறை எழுத்தாளர்களையும் தினமும் குறிப்பு எழுத வைத்தது: இன்று வந்த யோசனைகளில் முக்கியமானது எது, அது வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? 2019-ல் வெளிவந்த முடிவு இது. முக்கியமான யோசனைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, வேறு வேலை செய்துகொண்டு வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. மீதி நான்கு? அவை அப்படி வந்தவையல்ல. அதிலும், அலையும் மனத்தில் வந்த யோசனைகள் மேசையில் வந்தவற்றைவிடச் சிறந்தவை என்று அவர்களே மதிப்பிடவில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. எங்கோ முட்டிக்கொண்டு நின்ற இடத்தை உடைக்கும் யோசனைகள்தான் இப்படி அதிகம் வந்தன. வரும்போது ஒரு 'ஆகா'வும் கூடவே வந்தது. அந்த ஆகாதான் நினைவில் தங்குகிறது, மேசையில் பொறுமையாகச் சேர்ந்தவை மறந்துபோகின்றன. முட்டிக்கொள்ளவாவது முதலில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும் அல்லவா? எழுதாமல் குளித்துக்கொண்டே இருப்பவருக்குச் சுத்தம் மட்டும்தான் மிச்சம்.

அப்புறம், கதாபாத்திரங்கள் தாமாகப் பேசும் விஷயம். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். எடின்பரோ சர்வதேசப் புத்தக விழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களிடம் டர்ஹம் பல்கலைக்கழகத்தினர் விசாரித்தார்கள். 63 சதவீதம் பேர் தங்கள் கதாபாத்திரங்களின் குரலைக் கேட்பதாகவும், 61 சதவீதம் பேர் கதாபாத்திரங்கள் சொந்தமாக முடிவெடுப்பதாக உணர்வதாகவும் சொன்னார்கள். பேய் பிசாசு எதுவும் இல்லை. இன்ன சூழலில் இவள் என்ன சொல்வாள் என்று ஒருவர் நூற்றுக்கணக்கான தடவை யோசித்திருப்பார். திரும்பத் திரும்பச் செய்த எதுவும், சைக்கிள் ஓட்டுவதைப் போல, முயற்சி இல்லாமலே நடக்க ஆரம்பித்துவிடும். முயற்சி தெரியாததால் 'நான் யோசித்தேன்' என்ற உணர்வு வருவதில்லை. அவளே சொன்னதாகத் தோன்றுகிறது. ஜெர்மனியில் மூளை ஆய்வாளர் மார்ட்டின் லோட்சே, மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேனருக்குள் படுத்தபடியே கையால் எழுத ஏற்பாடு செய்து, தேர்ந்த எழுத்தாளர்களையும் புதியவர்களையும் ஒப்பிட்டார். தேர்ந்தவர்களிடம் மூளையில் காடேட் என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. பயின்று பயின்று தானாக நடக்கும் திறமைகளில் பங்குகொள்ளும் பகுதி அது. ஆனாலும் ஓர் ஆய்வில் கண்டதை வைத்து எழுத்துக்கென்றே மூளையில் தனி இடம் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது.

வந்த யோசனை தங்குவது இன்னொரு பாடு. ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருக்க முடிவது சுமார் நான்கு விஷயங்கள்தான் என்பது உளவியலாளர் நெல்சன் கோவனின் கணக்கு. வாக்கியத்தோடு வீடு திரும்பும் வழியில் யாராவது நலம் விசாரித்தால் அந்த இடங்கள் நிரம்பிவிடும், வாக்கியம் போய்விடும். எழுத்தாளர்கள் கசங்கிய ரசீதின் பின்பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

இரவில் பிரச்சினை நேரெதிரானது. போ என்றாலும் கதை போகாது. இதற்கு உளவியலாளர்கள் மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-ல் ஒரு வழி காட்டினார்கள்: முடியாத வேலை மனத்தைத் தொந்தரவு செய்யாமலிருக்க அதை முடிக்க வேண்டியதில்லை, எப்போது எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே போதும். நாளை எந்தக் காட்சி, எந்த இடத்திலிருந்து தொடக்கம் என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வர வாய்ப்பு அதிகம். பகலில் கதை கூடவே வர வேண்டும் என்பவர்கள் அந்த இரண்டு வரியை எழுதாமல் விடலாம்.